சத்தம் போடாத கம்ப்யூட்டர்

"மேசைய அக்கட்ட நகத்துனாத்தான் ஐஸ் பெட்டி வெக்க முடியும், சீக்கிரம் ஆவட்டும்" என்று வாசலிலிருந்து குரல் வந்ததும் செல்வப்பிரியா எழுந்துவிட்டாள். நாலைந்து ஆண்கள் உள்ளே வரப் பார்த்தார்கள். அவர்கள் கைவைத்தால் கம்ப்யூட்டரை வயரோடு சேர்த்துப் பிடுங்கிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"நானே நகத்தறனுங்க. வயரெல்லாம் கெடக்குது."

அப்பன் செத்துக் கிடக்கும்போது வயரைப் பற்றிக் கவலைப்படுகிற பெண்ணை ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தது. இருந்தாலும் விட்டுவிட்டார்கள். பக்கத்துத் தோட்டத்து மத்தியாஸ் மட்டும் வந்து மேசையின் மறுமுனையைப் பிடித்தார். பின்னால் கயிற்றுக் கட்டிலில் அர்த்தநாரி தாடையில் துணிக்கட்டோடு கிடந்தார். சாயங்காலம் எழுப்பப் போனபோதுதான் தெரிந்து, கொழிஞ்சாம்பாறையில் இருக்கிற ஒரு கிளினிக் வரைக்கும் கொண்டுபோய், கொண்டுபோனதில் பலனில்லை என்று திருப்பிக் கொண்டுவந்திருந்தார்கள். செல்வப்பிரியாவும் அவள் புருஷன் பிரதீப்பும் கோயமுத்தூரிலிருந்து நேராகக் கிளினிக்குக்கே போய், அவரோடு வீட்டுக்கு வந்தார்கள்.

மேசைக்கால் தரைக்கல்லின் இடுக்கில் மாட்டி ஒரு உதறு உதறியது. மவுஸ் சறுக்கியது. அதுவரைக்கும் கறுப்பாக இருந்த திரை ஒரு நொடி யோசித்துவிட்டுப் பச்சையாக வெளிச்சம் போட்டது.

சீட்டாட்டம். பாதி ஆட்டம். மேலே இரண்டு கட்டுகள் சேர்ந்திருந்தன, கீழே வரிசை வரிசையாகச் சீட்டுகள் இறங்கியிருந்தன. கிளாவர் ராஜா தலையில் ஒன்றுமில்லாமல் நின்றார். பக்கத்து வரிசையின் கடைசியில் ஹார்ட்டின் ராணி. தூக்கி ராஜாவின் மேல் வைத்தால் தீர்ந்தது, சின்னப் பிள்ளைகூட வைத்துவிடும். அர்த்தநாரி வைக்கவில்லை.

சமையலறை வாசற்படியில் அம்மா பூவாத்தாள் அழுதுகொண்டே யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். "மிசின நிறுத்திப்போட்டு, எப்பவும் போலச் சாஞ்சு தூங்கறாங்கன்னுதானுங்க நெனச்சேன். தூக்கத்துலயே போயிட்டாங்க. ஒரு நோவு நொடி சொல்லாம, ஒரு வாய்த் தண்ணி கேக்காம, தூக்கத்துலயே..."

செல்வப்பிரியா குனிந்து சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினாள். திரை இருண்டது. நிமிர்ந்து மத்தியாஸைப் பார்த்தாள். அவர் மேசைக்கால் மாட்டிய கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இக்கட்ட தூக்கு கண்ணு" என்றார்.

இருவருமாக மேசையைத் தூக்கிப் பக்கத்து அறைக்குள் வைத்தார்கள். செல்வப்பிரியா கைக்கு அகப்பட்ட ஒரு பெட்ஷீட்டை எடுத்து எல்லாவற்றையும் சேர்த்து மூடினாள். அவள் துணியின் ஓரங்களை இறுக்கிச் செருகுவதைப் பார்த்துவிட்டு மத்தியாஸ், "அழுதுரு சாமி, அடக்கி வெக்காத" என்றார். அவளுக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது.

அந்தக் கம்ப்யூட்டர் இந்த வீட்டுக்கு வந்தபோது அவள் பதினொன்றாம் வகுப்பில் இருந்தாள். மகள் படிக்கட்டும் என்று அர்த்தநாரி அதைக் கோயமுத்தூரில் வாங்கி, தேங்காய் இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில் ஏற்றி, மானிட்டரை மட்டும் யாரையும் நம்பாமல் மடியில் வைத்துக்கொண்டு கேரள எல்லை செக்போஸ்ட்டைத் தாண்டிக் கொண்டுவந்தார். மகள் கொஞ்ச நாளிலேயே ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். மகன் பூபதிராஜா அதில் சீட்டாட்டம் ஆடக் கற்றுக்கொண்டு அப்பாவுக்கும் கற்றுக்கொடுத்தான். பிறகு அவனும் ஏலக்காய் வியாபாரம் என்று இடுக்கிப் பக்கம் ஆனைக்கரைக்குப் போய்விட்டான். மிச்சம் இருந்தது அர்த்தநாரியும் சீட்டாட்டமும்தான்.

மத்தியானச் சோறு உண்டு கை கழுவியதும் துண்டில் கையைத் துடைத்தபடியே வந்து பொத்தானை அமுக்குவார். அது உடனே எழுந்துவிடுகிற ரகமா என்ன? முக்கும், முனகும், பிறகு மாவு மில் மாதிரி ஒரே சீராக இரையத் தொடங்கும். ஃபேன் உராய்ந்து கடகடவென்று அடித்தால் பக்கவாட்டில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டுவார். மவுஸ் ஒவ்வொரு அமுக்கலுக்கும் 'டொக்'கென்று சொல்லும். அடுப்படியில் இருந்தாலும் பின்வாசலில் பாத்திரம் துலக்கினாலும் பூவாத்தாளுக்கு இத்தனையும் கேட்கும். பெட்டிக்கு அவள் சின்னவள் என்று பேர் வைத்திருந்தாள்.

"எந்திரிச்சுட்டாளாக்கும் உங்க சின்னவ. ஊரே செவுடாகுது. கரண்டு பில்லு வரட்டும், அவளையே கட்டச் சொல்லுங்க."

இரைச்சல் நின்றால் அதற்கும் ஒரு அர்த்தம் இருந்தது. அர்த்தநாரி ஆட்டத்தை முடித்துப் பெட்டியை நிறுத்திவிட்டார், அதே நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டார் என்று அர்த்தம். பெட்டி ஓடும்போது அவர் தூங்கியதே இல்லை. அந்தச் சத்தத்தில் யாரால் தூங்க முடியும்? சத்தம் நின்றதும் பூவாத்தாள் டிவியைக் குறைப்பாள், கோழிகளை விரட்டுவாள், வாசலில் வந்து யாராவது கூப்பிட்டால் வாயில் விரலை வைத்துக்கொண்டு ஓடுவாள். வாய்தான் சின்னவள், சக்களத்தி என்று திட்டும். அவர் தூக்கம் கெடக்கூடாது என்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இப்படியே இருபத்துச் சொச்சம் வருஷம் ஓடியது. யாரும் யாருக்கும் சொல்லி வைத்த ஏற்பாடில்லை. காது தானாகப் பழகிக்கொண்டது.

போன மழைக்காலத்தில் பெட்டி செத்துப்போனது. கோயமுத்தூரில் ஒரு கம்பெனியின் சர்வீஸ் பிரிவைப் பார்த்துக்கொள்கிற மகளுக்கு அர்த்தநாரி ஃபோன் போட்டு, ஆள் செத்த செய்தி சொல்கிற குரலில் சொன்னார். அவள் வந்து திறந்து பார்த்தாள். மதர்போர்டில் இருந்த சின்ன உருளைகள் எல்லாம் தலை வீங்கி வெடித்திருந்தன. லேப்டாப் வாங்கித் தருகிறேன் என்றாள். மனுஷர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அதெல்லாம் கைக்குள்ள அடங்காது கண்ணு. என்ற பொட்டியே இருக்கட்டும். உள்ளுக்குள்ள நீ என்ன வேணும்னாலும் மாத்திக்கோ."

அந்த வார்த்தை அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. பெட்டியைக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோய், ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து, உள்ளே இருந்ததை முழுக்க வழித்தெடுத்தாள். மஞ்சள் பாரித்திருந்த வெளித்தகட்டை வெயிலில் வைத்து வெளுத்தாள். ஃப்ளாப்பி போடுகிற பழைய வாயை அப்படியே விட்டுவிட்டு உள்ளே கையகல போர்டு ஒன்றைப் பொருத்தினாள். சுழலுகிற ஹார்ட் டிஸ்க் இல்லை, ஃபேனே இல்லாத பவர் சப்ளை, ஸ்க்ரூவுக்கு அடியில் ரப்பர் வாஷர். தட்டினால் கேட்காத கீபோர்டு, அமுக்கினால் கேட்காத மவுஸ். மானிட்டர் மட்டும் தட்டையானது. பழைய சீட்டாட்டம் அதே பச்சையில் அதே சீட்டுகளோடு வரவேண்டும் என்று இரண்டு வாரம் மல்லுக்கட்டினாள். கரண்டு பில்லுக்காக, சும்மா இருந்தால் பத்து நிமிஷத்தில் திரையும் பெட்டியும் தானாகத் தூங்கிவிடும்படி வைத்தாள். அம்மா வருஷக்கணக்காகச் சொன்ன ஒவ்வொரு குறைக்கும் ஒரு பதில் இருந்தது. பழைய கம்ப்யூட்டர்களைப் புதுப்பிக்கிறவர்களின் குழுவில் படம் போட்டாள். சத்தம் எப்படி என்று ஒருவர் கேட்டார். காதை வைத்துக் கேட்டாலும் கேட்காது என்று எழுதினாள். கைதட்டல்கள் வந்து குவிந்தன. மண்டைக்கனம் என்றால் மண்டைக்கனம்தான், அன்றைக்கு அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

கொண்டுவந்து வைத்த அன்றைக்கு அர்த்தநாரி நிஜமாகவே காதை வைத்துப் பார்த்தார்.

"ஓடுதா கண்ணு?"

"ஓடுதுங்ப்பா."

"ஒண்ணுமே தெரியலியே. சித்தெ சத்தம் வர்ற மாதிரி பண்ண முடியாதா?"

அவள் சிரித்தாள். பூவாத்தாள் அடுப்படியிலிருந்து, "ஆமா, இத்தன வருசம் கேட்டது பத்தாதாக்கும். என்ற காதுக்கு இப்பத்தான் விமோசனம்" என்றாள். முன்பக்கத்துப் பச்சை விளக்காவது எரியக்கூடாதா என்று அவர் கேட்டார். பழைய விளக்கின் வயர் புது போர்டில் பொருந்தவில்லை, ஒரு சின்ன இணைப்பு வேண்டும். அடுத்த தடவை வரும்போது மாட்டித் தருகிறேன் என்றாள். அடுத்த தடவை ஓணத்துக்கு வந்தாள், மறந்துவிட்டாள். அதற்கடுத்த தடவையும் மறந்துவிட்டாள். அந்த இணைப்பு இன்னமும் அவள் கைப்பையின் உள்ளறையில்தான் இருக்கிறது.

ஐஸ் பெட்டிக்குள் அர்த்தநாரியை மாற்றி மாலை போட்டார்கள். வருகிறவர்கள் எல்லாரிடமும் பூவாத்தாள் அதையே சொன்னாள். மிஷினை நிறுத்தினார், சாய்ந்தார், தூக்கத்தில் போனார். சொல்லச் சொல்ல அது அவளைத் தாங்கிப் பிடிப்பதைச் செல்வப்பிரியா பார்த்தாள். கேட்டவர்களும், கொடுத்து வைத்த மனுஷன், இந்தச் சாவு எல்லாருக்கும் கிடைக்குமா என்றார்கள்.

மத்தியாஸும் வந்து ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"வாய்க்கால் தண்ணி மொறையப் பத்திப் பேசலாம்னு நாலு மணிக்கு வந்தனுங்க. தூங்கறாங்க, மெல்லப் பேசுங்கன்னு அம்மிணி சொல்லுச்சு. எதுக்கு எழுப்பறதுன்னு ஸ்கூட்டரக்கோட ஸ்டார்ட் பண்ணாம கேட்டு வரைக்கும் உருட்டிட்டே போனனுங்க. தெரிஞ்சிருந்தா மொகத்தயாவது ஒருக்காப் பாத்திருப்பேன்."

பிரதீப் அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். செல்வப்பிரியா அங்கே நிற்க முடியாமல் பின்வாசலுக்குப் போய்த் தொட்டித் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டாள். கிளினிக்கில் அந்த இளம் டாக்டர் மலையாளமும் தமிழுமாகச் சொன்னது காதிலேயே நின்றது. "அட்டாக்காணு. அப்பவே கொண்டுவந்திருந்தா சிலப்போ..." டாக்டர் அதற்கு மேல் சொல்லாமல் கையுறையைக் கழற்றத் தொடங்கிவிட்டாள்.

சிலப்போ. ஒருவேளை. பழைய பெட்டியாக இருந்தால் அது பாட்டுக்கு இரைந்துகொண்டிருக்கும். மவுஸ் சத்தம் மட்டும் நின்றிருக்கும். என்ன இது, ஓடவிட்டுவிட்டுத் தூங்குகிறாரே, கரண்டு வீணாகிறதே என்று அம்மா திட்டிக்கொண்டே போய்த் தோளைத் தொட்டிருப்பாள். தொட்டிருந்தால் தெரிந்திருக்கும். இப்போது வீடு அமைதியாக இருந்தது, திரை இருட்டாக இருந்தது, விளக்கும் எரியவில்லை. அம்மா டிவியைக் குறைத்துக்கொண்டு, வந்த ஆளையும் திருப்பி அனுப்பிவிட்டு, அவர் தூக்கத்துக்குக் காவல் இருந்திருக்கிறாள். செல்வப்பிரியாவுக்கு அந்தத் தொட்டியிலேயே தலையை முக்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

பூபதிராஜா விடிந்ததும் வந்து சேர்ந்தான். மலை இறங்கி வந்த சட்டையில் ஏலக்காய் வாசனை அப்படியே இருந்தது. அப்பா காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குலுங்கி அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆகவேண்டியதைப் பார்க்க ஆரம்பித்தான். முதல் வேலையாகச் சோசியருக்கு ஃபோன் போட்டு, எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தான்.

"நேத்து மூணு மணி வரைக்கும் ரேவதிங்க. ரேவதின்னா அடப்பு. அதுக்கு மேல அஸ்வினி, ஒரு தோசமும் இல்ல" என்றது ஃபோன். "உயிர் போனது எப்பன்னு சரியாச் சொன்னீங்கன்னாத்தான் ஆவும். ரேவதில போயிருந்தா முன்வாசல் வழியா எடுக்கக்கூடாது, பொறத்தாலதான் எடுக்கோணும். உசுரு போன எடத்த மாசக்கணக்குல அடச்சு வெக்கோணும்."

வந்திருந்த பெரியவர்கள் முகத்தை முகம் பார்த்துக்கொண்டார்கள். உயிர் போன இடம் வீட்டின் ஆசாரம், அதாவது முன்கூடம். அதை அடைத்துவிட்டால் வீட்டுக்குள் போகிறதே சுற்றிக்கொண்டுதான்.

"அம்மா, எப்பத் தூங்குனாரு?" என்று பூபதிராஜா கேட்டான்.

பூவாத்தாள் வாயைத் திறந்தாள், மூடினாள். "நான் எங்கடா மணி பாத்தேன்" என்றாள்.

பூபதிராஜா அக்காவின் பக்கம் திரும்பினான். "அக்கா, மிசினுக்குள்ள தெரியுமில்ல? எத்தன மணிக்கு நிறுத்துனாருன்னு காட்டுமில்ல? அதுக்கப்பறந்தான தூங்கியிருப்பாரு?"

எல்லாக் கண்ணும் அவள் மேல் வந்து நின்றது. அம்மாவின் கண்ணும்.

"தெரியும்" என்றாள் செல்வப்பிரியா. "பாத்துட்டு வாரேன்."

பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெட்ஷீட்டைக்கூட விலக்கவில்லை. அதன் மேலேயே கையை வைத்து, துணிக்கு அடியில் பழைய பெட்டியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றாள். போய் உண்மையைச் சொன்னால் என்ன? நிறுத்தவே இல்லை, ஆடிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார், பெட்டி ஓடுவது வெளியே தெரியாமல் பண்ணினது நான்தான். பூபதி நாலு வார்த்தை கேட்பான். கேட்கட்டும். ஊர் முன்னால் கேட்டால் அவளுக்கு ஆறுதலாகக்கூட இருக்கும். ஆனால் அந்த உண்மை அவளோடு நிற்காதே. நேராக அம்மாவிடம் போய், வாயில் விரலை வைத்து ஒரு மனுஷனைத் திருப்பி அனுப்பினவள் நீதான் என்று சொல்லும்.

கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"மூணே காலுக்கு நிறுத்தியிருக்காரு. ஆட்டத்த முடிச்சுட்டுத்தான் நிறுத்தியிருக்காரு."

"அப்பறம் என்ன, அஸ்வினிதான்" என்றது ஃபோன். கூடியிருந்தவர்கள் மூச்சு விட்டார்கள். அர்த்தநாரியை முன்வாசல் வழியாகவே எடுத்தார்கள். பூவாத்தாளின் பிறந்த வீட்டிலிருந்து வந்த கோடித்துணியைப் போர்த்தி, சங்கு ஊதி, வாய்க்கால் கரையோரமாகக் கொண்டுபோனார்கள். பூவாத்தாள் அதற்கப்புறம் அந்தத் தூக்கத்துச் சாவுக் கதையை யாரிடமும் சொல்லவில்லை. அழுது ஓய்ந்துவிட்டாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்து, வந்த சனமும் கலைந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கூடத்தைக் கழுவிவிட்டிருந்ததால் பூவாத்தாளைப் பக்கத்து அறையில் பாய் விரித்து உட்காரவைத்தார்கள். முதல் நாள் மத்தியானத்திலிருந்து அவள் ஒரு வாய் உண்ணவில்லை, ஒரு கண் மூடவில்லை. செல்வப்பிரியா ரசஞ்சோற்றைக் கரைத்து டம்ளரில் கொண்டுவந்தாள்.

பூவாத்தாள் பெட்ஷீட் மூடிய மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதவச் சாத்து" என்றாள்.

செல்வப்பிரியா சாத்தினாள்.

"மூணே காலுன்னு எதுக்குச் சொன்ன?"

"மிசின்ல..."

"டிவில ரெண்டு மணிக்கு நாடகம் போடுவான். அது ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே நான் எட்டிப் பாத்தேன். சாஞ்சு கெடந்தாங்க. பொட்டி இருட்டாத்தான் இருந்துச்சு. அப்பறம் எங்கிருந்து மூணே கால் வந்துச்சு?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் செல்வப்பிரியா அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். எத்தனையோ இடத்தில் எத்தனையோ பெரிய ஆட்களுக்கு, கெட்டுப்போன சர்வரை வைத்துக்கொண்டு சமாளித்துப் பேசியிருக்கிறாள். அம்மாவின் முன்னால் டம்ளரின் விளிம்பைத்தான் விரலால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஊர் முன்னால நான் வாயத் தொறக்கல. பொய்யாச் சொல்றியேன்னு மட்டும் தெரிஞ்சுது. எதுக்குச் சொல்றேன்னுதான் தெரியல." பூவாத்தாளின் குரல் அழுது அழுது தேய்ந்திருந்தது. "கண்ணு, நிறுத்தாமயே போயிட்டாங்களோன்னு நானா ரோசன பண்ணிப் பாக்கறேன். இருவது வருசமா அந்தச் சத்தம் கேக்கறப்பவெல்லாம் கரிச்சுக் கொட்டுனேன். நிறுத்துங்க, நிறுத்துங்கன்னேன். உன்றகிட்டயும் ஃபோன்ல அதைத்தான சொன்னேன். என்ற வாய்க்குப் பயந்துதான நீயும் அப்பிடிப் பண்ணுன. அது பழைய மாதிரிக் கத்திக்கிட்டிருந்தா நான் அவீங்களத் தூங்கறாங்கன்னு நெனச்சிருப்பனா? போய் எழுப்பியிருக்க மாட்டனா?"

"அப்பிடியெல்லாம் இல்லீங்மா."

"மத்தியாசு வந்தானே. அவன உள்ள உட்டிருந்தாக்கோட... நாந்தான சாமி வெரட்டுனேன்."

இல்லை, நான்தான், நான்தான் என்று செல்வப்பிரியாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. அம்மாவின் மடியில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் போதும் என்றிருந்தது. அப்பா ஒரு சின்னச் சத்தம் கேட்டார், நான் சிரித்தேன். ஒரு விளக்குக் கேட்டார், மறந்துபோனேன். சொன்னால் அம்மா அடிக்கட்டும், திட்டட்டும், ஆயுசுக்கும் பேசாமல் இருக்கட்டும். அப்படி ஒரு தண்டனைக்கு அவள் ஏங்கினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஒரே நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்த முகம், அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மூணே கால்னது பொய்தானுங்மா" என்றாள் செல்வப்பிரியா. "ஆசாரத்த அடச்சுப்போட்டா நீங்க எங்க இருப்பீங்க? அதுக்காகச் சொன்னேன். ரெண்டு மணிக்கு முன்னாலயே நிறுத்திட்டாரு. மிசின்ல அப்பிடித்தான் இருந்துச்சு."

"நிறுத்திப்போட்டுத்தான் சாஞ்சாங்களா?"

"ஆமாங்மா. அப்பாவே நிறுத்தியிருக்காரு. அப்பறந்தான் தூங்கியிருக்காரு. நீங்க பாத்தது தூக்கந்தான். யாரா இருந்தாலும் எழுப்பியிருக்க மாட்டாங்க."

பூவாத்தாள் மகளின் வலது கையைப் பிடித்தாள். அதைத் தூக்கித் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டாள். எண்ணெய் காணாத தலைமுடி கைக்குள் வறவறவென்று இருந்தது.

"என்ற தலைல கை வெச்சுச் சொல்லு."

இந்த வீட்டில் சாமி மேல் சத்தியம் செய்தால்கூட ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். தலையில் கைவைத்துச் சொல்வது அப்படியில்லை. அது பொய்யானால் தலைக்காரருக்கு ஆகாது. தேங்காய் களவு போன தகராறில் பூபதி ஒருதரம் அம்மா தலையில் கைவைக்கப் போய், கடைசி நொடியில் கையை இழுத்துக்கொண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறான். கம்ப்யூட்டரைப் பிரித்து மேய்கிறவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று செல்வப்பிரியா இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது கை கனத்தது.

"அப்பா நிறுத்திட்டுத்தான் தூங்குனாரு" என்றாள். "சத்தியமா."

பூவாத்தாள் மகளின் கையை இறக்கி மடியில் வைத்து, அதை இரண்டு தட்டுத் தட்டினாள். டம்ளரை எடுத்து ரசஞ்சோற்றை ஒரே மடக்கில் பாதி வரைக்கும் குடித்தாள். உப்புக் கொஞ்சம் கம்மி என்றாள். பாயில் ஒருக்களித்துப் படுத்து, கையைத் தலைக்கு வைத்து, சேலை முந்தியை இழுத்துவிட்டுக்கொண்டாள். பேசிக்கொண்டிருந்த மாதிரியே தூங்கிப்போனாள்.

வெளியே பந்தல்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இரும்புக் குழாய்களைக் கழற்றி வண்டிக்குள் வீசினார்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் வீடு அதிர்ந்தது. பிரதீப் கதவை ஒரு விரற்கடை திறந்து எட்டிப் பார்த்தான்.

"தூங்கறாங்களா?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டான். வெளியே திரும்பி, "ஏனுங்க, மெல்லப் போடுங்க" என்று சொல்லப் போனான்.

"சொல்லாதீங்க" என்றாள் செல்வப்பிரியா. அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது. "அவங்க பாட்டுக்குப் போடட்டும். கதவையும் தொறந்தே வைங்க."

அவன் புரியாமல் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. பாயின் ஓரத்தில் முட்டியைக் கட்டிக்கொண்டு, அம்மாவின் இடுப்பில் கிடந்த முந்தியின் மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடிப்பு மெல்ல எழுந்தது, இறங்கியது. அடுத்தது வர ஏனோ தாமதமாகிற மாதிரி இருந்தது. கையைத் தரையில் ஊன்றி, முகத்தை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் கொண்டுபோனாள்.